பூக்காமல் பேர் இல்லை

எங்கள் கூட்டத்தில் ஒரே ஒரு சட்டம்தான். பூக்காத செடிக்குப் பேர் சொல்லக் கூடாது. இலையைப் பார்த்து, தண்டைக் கிள்ளி, மோந்து பார்த்து, 'இதுதான், சந்தேகமே இல்லை' என்று அடித்துச் சொன்னவர்களெல்லாம் பூ வந்த பிறகு மூக்கறுபட்ட கதை நிறைய உண்டு. அதனால் யாராவது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வெறும் இலைப் படத்தைப் போட்டு 'இது என்ன செடி?' என்று கேட்டால் எங்கள் பதில் ஒன்றுதான். பூக்கட்டும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. அதை யாரும் சட்டமாக வைக்கவில்லை, தானாக ஒட்டிக்கொண்டது. பேர் தெரிந்துவிட்டால் அடுத்த செடிக்குப் போய்விடுவோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு புதரைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, சண்டை போட்டு, ஒருவழியாகப் பேர் பிடிபட்டதும் முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்துவிடுவோம். மறுவாரம் அதே வழியில் போனால் அந்தப் புதரைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். அதுதான் பார்த்தாச்சே!

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிறவள். டாக்டர் எழுதிக் கொடுக்கிற பவருக்கு ஏற்றபடி லென்ஸைத் தேய்த்து, பிரேமுக்குள் உட்கார வைப்பது என் வேலை. வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். கொஞ்சமெல்லாம் இல்லை, நீளம்தான்.

குழுவில் படம் போடுகிறவர்கள் பல பேர். வெயிலில் வந்து நிற்கிறவர்கள் நாலே பேர். என்னை விட்டால் ஒருவர் பல் டாக்டர். எந்தச் செடியைக் காட்டினாலும் லத்தீனில்தான் பேர் சொல்வார், அதுவும் 'வாயை நல்லாத் திறங்க' என்கிற அதே குரலில். அடுத்தவர் பஸ் டிரைவர். பாதையோரத்தில் புதுசாக ஒரு பூ தெரிந்தால் பஸ் தானாக மெதுவாகிவிடும். அவர் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள் பூக்கிற காலத்தில் மட்டும் வீட்டை விட்டுச் சீக்கிரமே கிளம்புவார்கள் என்று கேள்வி.

நாலாவது ஆள் லிஃப்ட்காரர். லிஃப்ட் மோட்டார் பழுது பார்க்க மொட்டைமாடி மொட்டைமாடியாக ஏறுகிறவர். சுவர் வெடிப்பு, தண்ணீர்த் தொட்டி ஓரம், பழைய ஏசிப் பெட்டிக்கு அடியில் என்று எங்கே எது முளைத்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். ஊருக்கெல்லாம் லிஃப்டை ஓட வைத்துக் கொடுத்த மனிதர் குடியிருந்தது மூன்றாவது மாடியில், லிஃப்டே இல்லாத கட்டடத்தில். இதைச் சொல்லி நாங்கள் கேலி செய்யாத வாரம் கிடையாது.

அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். அக்காவுக்குச் செடி என்றால் ஆகவே ஆகாது. மொட்டைமாடியில் அவர் வளர்த்த தொட்டிகளுக்கு அக்கா வைத்திருந்த பேர் 'சக்களத்திங்க'. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வாசலில் போய் நின்றால் சமையலறையிலிருந்து குரல் வரும். "எள்ளு காயுது எண்ணெய்க்கு. எலிப்புழுக்கை எதுக்குக் காயுது?" எலிப்புழுக்கை நாங்கள்தான். டீ மட்டும் நேரத்துக்கு வந்துவிடும்.

போன மழைக்கு முன்னால் ஒரு பாறைச் சரிவில் புதுச் செடி ஒன்றைப் பார்த்தோம். பூ இல்லை. காய்ந்த காய் ஒன்றுதான் இருந்தது, உள்ளே நாலைந்து விதை. பேர் பிடிபடவில்லை. டாக்டரும் நானும் வாக்குவாதம் செய்துகொண்டிருக்கும்போதே லிஃப்ட்காரர் விதைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வீட்டுக்குப் போய் ஒரு தொட்டியில் ஊன்றி, ஐஸ்குச்சியில் 'பாறை?' என்று எழுதிச் சொருகியதாகக் குழுவில் படம் போட்டார். அதுதான் அவர் போட்ட கடைசிப் படம். ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சை அடைக்கிறது என்றவர் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

கொஞ்ச காலம் நாங்கள் யாரும் எங்கேயும் போகவில்லை. பிறகு ஒருநாள் அக்கா கடைக்குப் போன் செய்தார். "மேல ஒண்ணு முளைச்சிருக்குடி. வந்து பாரு" என்றார்.

மொட்டைமாடியில் மற்ற தொட்டிகளெல்லாம் காய்ந்து கிடந்தன. ஐஸ்குச்சி சொருகிய தொட்டியில் மட்டும் ஒரு செடி, நாலைந்து இலையோடு நின்றது. அக்கா அதன் பக்கத்தில் நின்று புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"இந்தக் குச்சியைச் சொருகிட்டுக் கீழ வந்து சொன்னார். இதோட பேரை உனக்குத்தான் முதல்ல சொல்லுவேன்னார். இத்தனை வருஷத்துல ஒரு பேரு கூட எனக்கு முதல்ல வந்ததில்ல. உங்களுக்குத்தான் போகும். போன்ல டிங் டிங்னு நீங்க கைதட்டற சத்தம் கேட்டுத்தான் எனக்கு விஷயமே தெரியும். இது ஒண்ணாவது எனக்குன்னார். பேரு தெரியாம நான் இங்கிருந்து நகர மாட்டேன், சொல்லிட்டேன்."

நான் குனிந்து இலையை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்தேன். இதய வடிவம். மேலும் கீழும் வெல்வெட்டு மாதிரி மெத்தென்று இருந்தது. கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிட்டது. துத்தி.

துத்தி என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காலி மனை, ரயில் பாதை ஓரம், குப்பைமேடு, எங்கே வேண்டுமானாலும் நிற்கும். விதைக்க வேண்டாம், தண்ணீர் வேண்டாம். மூலத்துக்கு நல்லது என்று இலையைக் கிள்ளிக்கொண்டு போவார்கள், அதற்கு மேல் அதற்கு மரியாதை கிடையாது. லிஃப்ட்காரர் ஊன்றிய விதை மண்ணிலேயே மக்கிப் போயிருக்கும். தொட்டி மண்ணோடு வந்த ஏதோ ஒரு துத்தி விதை, குச்சியையும் அக்கா ஊற்றிய தண்ணீரையும் தனதாக்கிக்கொண்டுவிட்டது. 

அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கும் பயப்படாத அந்த நீள வாய் அன்றைக்குப் பூட்டிக்கொண்டது.

"பூக்கட்டும் அக்கா" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டாக்டரும் டிரைவரும் வந்து பார்த்தார்கள். டாக்டர் பூதக்கண்ணாடியை வைத்து இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்து, "ம்ம்ம்" என்று இழுத்து, "பூக்கட்டும்மா" என்றார். டிரைவர் தண்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆமாக்கா, பூத்தாதான் சொல்ல முடியும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு லத்தீன் பேசுகிற வாய்க்குத் துத்தி தெரியாதா? பஸ் ஓட்டுகிற வழியெல்லாம் துத்தியைப் பார்க்கிற மனுஷனுக்குத் தொட்டியில் இருந்தால் தெரியாதா? இவர்களோடு சேர்ந்தா இத்தனை வருஷம் வெயிலில் காய்ந்தேன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே படியிறங்கினேன்.

அதற்குப் பிறகு வாராவாரம் அங்கே போவது வழக்கமாகிவிட்டது. முதலில் செடியைப் பார்த்துவிட்டு நின்றபடியே டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம். பிறகு அக்கா மேலே நாற்காலி கொண்டுவந்து போட்டார். டிரைவர் தன் மாமியாரைப் பற்றிப் பேச, அக்கா மாமியார் கட்சியில் சேர்ந்துகொண்டு பதில் சொல்ல, டாக்டர் சிரித்துச் சிரித்துப் புரையேறினார். அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. செடி இடுப்பு உயரம் வந்துவிட்டது. அக்கா அதனிடம், "பாத்தியாடி சக்களத்தி, உன்னைப் பாக்க டாக்டரெல்லாம் வர்றாங்க" என்று பெருமையாகச் சொல்வார். அப்போதெல்லாம் நான் டீ கிளாசோடு மாடிச் சுவர்ப் பக்கம் நகர்ந்துவிடுவேன்.

மொட்டைமாடிக் குழாய் உடைந்து கிடந்தது. அக்கா வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஏறுவார். ஒருநாள் படியில் கால் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. தலை அடிபடாதது யார் செய்த புண்ணியமோ.

தகவல் கேட்டு மகன் ஓடிவந்தான். வேறு ஊரில் வேலை. அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போக வெகுநாளாகக் கெஞ்சிக்கொண்டிருந்தவன். மறுநாள் என் கடைக்கே வந்துவிட்டான். தீட்டும் மெஷினை நிறுத்தி உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஆன்ட்டி, அந்தச் செடிக்கு ஒரு பேர் சொல்லிடுங்க."

"பூக்காம எப்படிப்பா..."

"ஏதாவது ஒரு பேர். யாருமே பார்க்காத புதுச் செடி, அப்பா பேரையே அதுக்கு வெச்சுட்டாங்கன்னு சொல்லுங்க. டாக்டர் லத்தீன்ல சொன்னா அம்மா நம்புவாங்க. சந்தோஷமா என்கூட வந்துடுவாங்க. கட்டுப் போட்ட கையோட நேத்து மறுபடியும் சொம்புல தண்ணி எடுத்துக்கிட்டு ஏறினாங்க ஆன்ட்டி. அப்பா போனப்ப நான் பக்கத்துல இல்ல. அடுத்த தடவை விழுந்தா..." திரும்பி நின்று சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி பிரேம்களைப் பார்த்தான்.

அவனைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அன்று மாலையே டாக்டரையும் டிரைவரையும் பஸ் டிப்போ எதிரில் இருக்கிற டீக்கடைக்கு வரச் சொன்னேன். மகன் அவர்களையும் பார்த்துப் பேசியிருந்தான்.

"டாக்டர், உண்மையைச் சொல்லுங்க. அது என்ன செடின்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

டாக்டர் டீ கிளாசுக்குள் பார்த்தார். "பூக்காம எப்படிம்மா..."

"டாக்டர்!"

"துத்தி" என்றார், களவு பிடிபட்டவர் குரலில். "முதல் நாளே தெரியும்."

டிரைவர் தலையைச் சொறிந்தார். "எனக்கு மாடிக் கதவுகிட்ட நிக்கும்போதே தெரிஞ்சுபோச்சு தங்கச்சி. நீங்க ரெண்டு பேரும் சொல்லல. சரி, நான் எதுக்குக் கெட்ட பேரு வாங்கணும்னு விட்டுட்டேன்."

மூன்று பேரும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறோம், அதுவும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர். அதற்குத் துணையாக எங்கள் சட்டம் வேறு. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் மனசுக்குள் அவர்களைத் திட்டிய திட்டெல்லாம் திரும்பி வந்து என் மேலேயே விழுந்தது.

"பையன் சொல்றதும் நியாயமாத்தானே இருக்கு" என்றார் டாக்டர். "வலிக்காது, வலிக்காதுன்னு தினம் எத்தனை பேர்கிட்ட பொய் சொல்றேன். இது ஒண்ணு சொல்ல மாட்டேனா? நான் பார்த்துக்கறேன்."

"அவங்க வீட்டுக்காரர் அவங்களுக்குன்னு சொன்ன ஒரே பேரு டாக்டர். அதுலயா கலப்படம் பண்றது?" என்றேன்.

"அப்ப நீயே சொல்லு, துத்தின்னு."

நான் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தேன். டிரைவர் மூன்று டீக்கும் காசு கொடுத்துவிட்டு எழுந்தார். ஆக, பொய்யை டாக்டர் சொல்வது, நாங்கள் இருவரும் தலையாட்டுவது என்று யாரும் சொல்லாமலே முடிவாகிவிட்டது.

மொட்டு வந்தது. அக்கா கூப்பிட்ட மாலை நாங்கள் மூவரும் ஏறினோம். துத்தி காலையில் பூக்காது, வெயில் சாய்ந்த பிறகுதான் விரியும். மகனும் மாடிச் சுவரில் சாய்ந்து நின்றான். அக்கா நல்ல புடவை கட்டி, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு செடிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மொட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து விரிந்தது. ஐந்து இதழ், நல்ல மஞ்சள். அத்தனை துத்தியைக் கடந்து போயிருக்கிறேன், அது விரிவதை உட்கார்ந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். லிஃப்ட்காரர் பேரை வைத்து அவர் கட்டியிருந்த லத்தீன் பேரில் பாதி வெளியே வந்தது. மீதி வரவில்லை. முகம் வியர்த்து, என்னைப் பார்த்தார். மகன் அவரைப் பார்த்தான். டிரைவர் தரையைப் பார்த்தார்.

அக்கா மட்டும் என்னைப் பார்த்தார். "நீ சொல்லுடி. உனக்குத்தான் வாய் நீளமாச்சே."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதுவும் சொல்ல எனக்கு வரவில்லை.

"துத்தி, அக்கா."

"துத்தின்னா?"

"ரோட்டோரம் நிக்கும். காலி மனையில நிக்கும். எல்லா எடத்துலயும் உண்டு."

"அப்ப அவர் போட்ட விதை?"

"அது முளைக்கல அக்கா. இது தானா வந்தது."

"ஆன்ட்டி!" என்றான் மகன். அக்கா நல்ல கையைத் தூக்கி அவனை அடக்கினார்.

"நான் பாத்துட்டேன்டா" என்றார். "கைக்குக் கட்டுப் போடப் போனேனே, அந்த ஆஸ்பத்திரி மதிலோரம் வரிசையா இதுதான் நிக்குது. ஆட்டோவை நிறுத்தி, இறங்கித் தொட்டே பாத்தேன். இதே இலை, இதே மெத்து. பேருதான் தெரியல."

"தெரிஞ்சுக்கிட்டே எதுக்கும்மா தண்ணி தூக்கிட்டு ஏறினே?"

அக்கா பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரு தெரிஞ்சுட்டா இவங்க வர மாட்டாங்களேடா. உங்கப்பாவைப் பாத்ததில்லையா நீ? பேரு தெரியற வரைக்கும் சுத்திச் சுத்தி வருவார், சோறு தண்ணி வேணாம். தெரிஞ்சுதோ, போச்சு, அடுத்தது. இவங்களும் அதே ரகம்தான்." பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்தார். "என் பேரு அவருக்கு முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. அதான் வந்த வினை."

வேடிக்கையாகத்தான் சொன்னார். எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

வாராவாரம் ஏறி வந்ததை நாங்கள் அக்காவுக்குச் செய்கிற தயவு என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் அக்கா உடைந்துபோவார் என்று மூன்று பேரும் நடுங்கினோமே, அக்கா பயந்ததோ எங்களுக்கு. நாங்கள் முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவோம் என்று பயந்திருக்கிறார். போயும் இருப்போம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. 

டாக்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். "இல்லம்மா, பேர் இன்னும் உறுதியில்ல. காய் பார்க்காம உறுதி பண்ணக் கூடாது. அது எங்க சட்டம்."

அப்படி ஒரு சட்டம் எங்கள் கூட்டத்தில் கிடையாது. டிரைவர் ஒரு நொடி விழித்துவிட்டு, "ஆமாமாம், காய் ரொம்ப முக்கியம்" என்று பிடித்துக்கொண்டார். "காய் முத்தற வரைக்கும் வந்துதான் ஆகணும். அந்தக் குழாயை நாளைக்கே நான் மாத்திடறேன்."

"எலிப்புழுக்கைங்களா" என்றார் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கையை நீட்டினார். "அந்தக் கண்ணாடியக் குடு. எதைத்தான் அப்படிப் பாப்பீங்கன்னு நானும் பாக்கறேன்."

கழுத்திலிருந்து பூதக்கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். அக்கா ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பூவுக்குள் பார்த்தார். நாங்கள் எழுந்திருக்கவில்லை. இருட்டுகிற வரை இருந்து டீ குடித்துவிட்டுத்தான் இறங்கினோம்.

குழாய் வந்தது. காய் வந்தது, சின்னச் சக்கரம் மாதிரி, பச்சையாக இருந்து கறுத்து முத்தியது. ஒவ்வொரு வாரமும் போனோம். காய் வெடித்த பிறகு அக்கா யாரும் கெஞ்சாமலே தானாக மகன் ஊருக்குக் கிளம்பினார். ரயிலடியில் அவர் கையில் தொட்டி இல்லை. "அவளை அங்கயே விட்டுட்டேன். எங்க விட்டாலும் பொழைச்சுக்குவா" என்றார். மகன் என் கையை இறுகப் பிடித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினான்.

போன வாரம் கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது குழுவில் ஒரு படம் வந்தது. அனுப்பிய நம்பரைப் பார்த்ததும் எனக்குப் பக்கென்றது. லிஃப்ட்காரர் நம்பர். பிறகுதான் உறைத்தது, அந்தப் போன் இப்போது அக்காவிடம் இருக்கிறது. பால்கனிச் சுவர் வெடிப்பில் ஒரு சின்னக் கன்று. பக்கத்தில் கட்டுப் பிரித்த கை, அளவு காட்டுவதற்காக விரலை நீட்டிக்கொண்டு. கீழே ஒரு வரி: 'இது என்ன செடி?'

அரசங்கன்று. வால் நீண்ட அந்த இலையைக் குழந்தைகூடச் சொல்லும், அக்காவுக்கா தெரியாது? அத்தி பூத்தாற்போல என்கிறோமே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மரம். பூவையெல்லாம் காய்க்குள்ளேயே ஒளித்து வைத்துக்கொள்ளும். வெளியே ஒரு பூ பார்க்க ஆயுசு முழுக்கக் காத்திருந்தாலும் நடக்காது.

டாக்டர் எழுதினார்: 'இலையின் அடிப்பக்கம் ஒரு படம் போடுங்கள் அம்மா.' டிரைவர் எழுதினார்: 'தண்டு சரியாத் தெரியல அக்கா. அடுத்த ஞாயிறு நேர்ல வந்து பாக்கறோம்.'

நான் மெஷினை நிறுத்தி, கையைத் துடைத்துக்கொண்டு எழுதினேன்: 'பூக்கட்டும் அக்கா.'

உடனே பதில் வந்தது. 'அவசரம் இல்லைடி.'